கையும் ஒரு பாகம்தான்

(நம் கல்லூரி முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

செயலாளர் எனக்கு இருபது நிமிடம் கொடுத்திருக்கிறார். "பட்டாளத்துல என்ன செஞ்சீங்களோ அதையே பேசுங்கண்ணே" என்றார். நான் எல்லையில் நின்று சண்டை போட்டவன் இல்லை. ஈ.எம்.இ. பிரிவில் ஆர்மரராக இருந்தவன். அதாவது சண்டை போடுகிறவர் கையில் உள்ள ஆயுதம் வேண்டிய நேரத்தில் வேலை செய்ய வேண்டும் என்பதற்காகச் சம்பளம் வாங்கியவன். ஆகவே எனக்குத் தெரிந்த ஒரே விஷயத்தைப் பேசுகிறேன். ஒரு கைத்துப்பாக்கி எப்போது நம்பகமானது, எப்போது காலை வாருகிறது, அதில் மனிதனின் பங்கு எவ்வளவு?

தோல் பதனிடும் பேரணாம்பட்டில் துப்பாக்கிப் பேச்சு எதற்கு என்று கேட்கலாம். ஊரில் பாதிப் பேர் ஏதோ ஒரு மெஷினோடு வாழ்கிறவர்கள். டேனரியில் ஷேவிங் மெஷினில் நிற்கிறவரைக் கேளுங்கள். மெஷின் ஒன்றுதான், ஆனால் ஆள் மாறினால் தோலின் கனம் மாறும். இந்த உண்மைதான் துப்பாக்கியிலும் இருக்கிறது. என்ன, அங்கே தோல் வீணாகும். இங்கே உயிர் போகும்.

நான் பேசப்போகும் கைத்துப்பாக்கி ஜான் பிரௌனிங் என்ற அமெரிக்கர் வடிவமைத்தது. அவர் 1855இல் பிறந்தவர். அப்பாவும் துப்பாக்கி செய்கிறவர்தான். பிரௌனிங்கின் வடிவமைப்பை கோல்ட் நிறுவனம் தயாரித்தது. 1911 மார்ச்சில் அமெரிக்க ராணுவம் இறுதிச் சோதனை வைத்தது. ஒரே துப்பாக்கியில் இரண்டு நாளில் 6000 ரவுண்டு சுட்டார்கள். சூடு ஏறினால் தண்ணீரில் முக்கி எடுத்துவிட்டு மறுபடி சுட்டார்கள். போட்டிக்கு வந்த சாவேஜ் நிறுவனத் துப்பாக்கி 37 தடவை கோளாறு செய்தது. பிரௌனிங்கின் துப்பாக்கி ஒரு தடவைகூட நிற்கவில்லை. 1911 மார்ச் 29ஆம் தேதி அது ராணுவத் துப்பாக்கியாக ஏற்கப்பட்டது. அதனால்தான் அதற்கு '1911' என்றே பெயர். 1985இல் வேறு துப்பாக்கி அந்த இடத்துக்கு வரும்வரை, இரண்டு உலகப் போர்களையும் தாண்டி, முக்கால் நூற்றாண்டு அது படையில் இருந்தது.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் ஒரு வரியை விட்டுவிடுவார்கள். அந்தச் சோதனையில் ஒவ்வொரு ஆயிரம் ரவுண்டுக்கும் ஒருமுறை துப்பாக்கியைக் கழற்றித் துடைத்து எண்ணெய் போட்டார்கள். ஆறாயிரத்துக்கு ஆறாயிரம் என்ற அந்தப் பெருமையில் துடைத்தவன் கையும் சேர்ந்திருக்கிறது. ஆர்மரர்களாகிய நாங்கள் இதை மறக்க மாட்டோம்!

அதே 1911ஆம் வருடம் நமக்கும் முக்கியமானது. ஜூன் 17ஆம் தேதி மணியாச்சி ரயில் நிலையத்தில் வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டாரே, அவர் கையில் இருந்ததும் பெல்ஜியத்தில் செய்த ஒரு பிரௌனிங் கைத்துப்பாக்கிதான். புதுச்சேரியில் வ.வே.சு. ஐயர் அவருக்குச் சுடும் பயிற்சி கொடுத்தார் என்று வரலாற்று நூல்கள் சொல்கின்றன. அந்தச் செயலின் நியாயத்தை விவாதிக்க இது மேடை அல்ல. துப்பாக்கி கிடைத்தது போதும் என்று அன்றைக்கும் யாரும் நினைக்கவில்லை, பயிற்சி தேவைப்பட்டது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

பிரௌனிங் 1926இல் பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் காலமானார். அவர் தொடங்கிவைத்த கடைசிக் கைத்துப்பாக்கியை எஃப்.என். நிறுவனத்தில் இருந்த டியூடோனே செவ் என்பவர் முடித்தார். 1935இல் வெளிவந்த அதன் பெயர் 'ஹை பவர்'. 9 மி.மீ. ரவுண்டு, மேகசினில் 13. அந்த வடிவத்தில்தான் மேற்கு வங்காளத்தில் இச்சாப்பூர் ரைபிள் தொழிற்சாலை நம் படைக்குக் கைத்துப்பாக்கி செய்தது. 'பிஸ்டல் ஆட்டோ 9 மி.மீ. 1ஏ' என்று அதற்குப் பெயர். என் கையில் அதிகம் புழங்கியது அதுதான். ஆகவே நம் நாட்டுப் பட்டாளத்துக்காரனுக்கு பிரௌனிங் அந்நியர் இல்லை.

இனி அது வேலை செய்கிற விதம். ஒருமுறை டிரிகரை அழுத்தினால் உள்ளே என்ன நடக்கிறது? ரவுண்டு வெடிக்கிறது. அந்த உதைப்பில் பேரலும் மேலே உள்ள ஸ்லைடும் ஒன்றாகப் பூட்டிக்கொண்டு கொஞ்சம் பின்னால் வருகின்றன. குண்டு வெளியேறியதும் பேரலின் பின்பக்கம் கீழே இறங்கி, பூட்டு விடுபடுகிறது. ஸ்லைடு மட்டும் தொடர்ந்து பின்னால் ஓடி, காலிக் கேஸை இழுத்து வெளியே எறிகிறது, சுத்தியலை நிமிர்த்துகிறது, ஸ்பிரிங்கை அமுக்குகிறது. பிறகு அந்த ஸ்பிரிங் ஸ்லைடை முன்னால் தள்ள, மேகசினில் இருந்து அடுத்த ரவுண்டு ஏறுகிறது. இத்தனையும் கண் இமைக்கிற நேரத்துக்குள். அடுத்த குண்டு போக வேண்டுமானால் மறுபடி டிரிகரை அழுத்த வேண்டும். அதனால்தான் இதை அரைத் தானியங்கி என்கிறோம். இத்தனை வேலையில் ஒன்று தடுமாறினாலும் துப்பாக்கி ஜாம்.

ஜாம் ஆகும் இடங்கள் நான்கு. என் அனுபவ வரிசையில் சொல்கிறேன்.

முதலாவது மேகசின். தகரத்தால் ஆன சாதாரணப் பெட்டிதானே என்று நினைப்பார்கள். ஆனால் ரவுண்டு எந்தக் கோணத்தில் மேலே வர வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது அதன் வாயில் உள்ள இரண்டு உதடுகள். சிமெண்ட் தரையில் ஒருமுறை விழுந்து உதடு ஒரு மயிரிழை விரிந்தால் போதும், அருமையான துப்பாக்கி ஓட்டைத் துப்பாக்கி ஆகிவிடும். வைத்தியம் மிக எளிது. ஒவ்வொரு மேகசினிலும் பெயிண்டில் ஓர் எண் எழுதுங்கள். ஜாம் ஆனால் எந்த எண் என்று நோட்டில் குறியுங்கள். ஒரே எண் திரும்பத் திரும்ப வந்தால் திருடன் அகப்பட்டான்.

இரண்டாவது ரவுண்டு. பழசு, ஈரம் குடித்தது, எண்ணெய் இறங்கியது, நசுங்கியது எல்லாம் வம்பு. பயிற்சியில் சுடும்போது 'டிக்' என்று சத்தம் வந்து வெடிக்கவில்லை என்றால் உடனே உள்ளே எட்டிப் பார்க்கக் கூடாது. துப்பாக்கி முனையை இலக்குப் பக்கமே வைத்து அரை நிமிடம் காத்திருக்க வேண்டும். சில ரவுண்டு தாமதமாக வெடிக்கும்.

மூன்றாவது அழுக்கும் எண்ணெயும். எண்ணெய் இல்லாவிட்டால் இரும்பு இரும்பைத் தின்னும். நிறையப் போட்டாலோ தூசியும் மருந்துக் கரியும் சேர்ந்து களிம்பாகிவிடும். சிந்தித் துணியால் துடைத்து, உராயும் இடத்தில் விரல் நுனியால் ஒரு பூச்சு, அவ்வளவுதான். தோசைக்கல்லுக்கு எண்ணெய் தடவுகிற கணக்கு.

இந்த இடத்தில் நம் ஊர்த் தொழிலையும் சொல்லியாக வேண்டும். துப்பாக்கிக்குத் தோல் உறை அழகு. ஆவாரம்பட்டை மாதிரி பட்டையில் பதனிட்ட கெட்டித் தோலை நனைத்து அச்சில் அழுத்தினால் துப்பாக்கியின் உருவத்துக்கே படிந்து நிற்கும். ஆனால் உறை சுமந்து போவதற்குத்தான், உள்ளேயே வைத்துப் பூட்டுவதற்கு அல்ல. தோல் காற்றின் ஈரத்தை இழுக்கும் என்பதையும், பதனிட்ட உப்பும் புளிப்பும் அதில் கொஞ்சம் தங்கும் என்பதையும் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுக்க வேண்டுமா? மாதக்கணக்கில் உறைக்குள் கிடந்த துப்பாக்கியில் துரு பிடிக்கும். தோல் பெல்ட்டில் செருகியே வைத்த பித்தளை ரவுண்டில் பச்சைக் களிம்பு ஏறும். நம் ஊர்ச் சரக்கு உசத்திதான். எதற்கு உசத்தி என்று தெரிந்து வைத்துக்கொள்வது அதைவிட உசத்தி.

இன்னொன்றும் சொல்வார்கள். "பழைய 1911 குலுக்கினால் லொடலொடன்னு ஆடுது சார்" என்று. ஆடத்தான் செய்யும். பாகங்களுக்கு நடுவே கொஞ்சம் இடம் விட்டதால்தான் மண்ணும் சேறும் புகுந்தாலும் அது ஓடியது. போட்டியில் குறி இன்னும் கூர்மையாக வேண்டும் என்று இறுக்கிச் செய்தவர்கள் பலர், குறி கிடைத்த அளவுக்கு நம்பகத்தை இழந்தார்கள். ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கிறவர்களுக்கு இது புரியும். இறுக்கிப் பிடித்த ஷூ கண்ணாடி முன்னால் அழகு, பத்து மைல் நடந்தால் கொப்புளம்.

நான்காவது இடம் கை. இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

ஒரு முகாமில் ஓர் இளம் வீரர். எப்போது சுட்டாலும் மூன்றாவது நான்காவது ரவுண்டில் ஜாம். காலிக் கேஸ் வெளியே விழாமல் ஸ்லைடில் குறுக்கே மாட்டி நிற்கும். "சாப், இந்த பிஸ்டல் சரியில்ல, மாத்திக் குடுங்க" என்றார். கோத்துக்குக் கொண்டுபோய்க் கழற்றிப் பார்த்தேன். கோத் என்றால் பட்டாளத்தில் ஆயுத அறை. ஸ்பிரிங் சரி, மேகசின் உதடு சரி, உள்ளே சுத்தம். மறுநாள் ரேஞ்சில் அதே துப்பாக்கி, அதே மேகசின், அதே பெட்டி ரவுண்டு. நான் மூன்று மேகசின், 39 ரவுண்டு சுட்டேன். ஒன்றுகூட நிற்கவில்லை. அவர் கையில் கொடுத்தேன், நான்காவதில் நின்றது. பையனுக்கு முகம் தொங்கிப் போயிற்று.

பிறகு அவர் பிடியைப் பார்த்தேன். உதைக்குமே என்ற பயத்தில் மணிக்கட்டைத் தளர விட்டிருந்தார். ஸ்லைடு பின்னால் ஓடி ஸ்பிரிங்கை அமுக்க வேண்டுமானால், கீழே உள்ள சட்டம் அசையாமல் நிற்க வேண்டும். சட்டத்தை நிறுத்துவது எது? கைதான். சுவரில் ஆணி அடித்தால் இறங்கும். கயிற்றில் தொங்குகிற பலகையில் அடித்தால் பலகைதான் ஆடும். மணிக்கட்டு தளர்ந்தால் சட்டமும் ஸ்லைடோடு சேர்ந்து பின்னால் போகிறது, ஸ்லைடு முழுத் தூரம் ஓடுவதில்லை, கேஸ் மாட்டிக்கொள்கிறது. மணிக்கட்டைப் பூட்டி, முழங்கையை உறுதியாக்கி, மறுகையால் சுற்றிப் பிடிக்கச் சொன்னேன். அன்று மாலைவரை அந்தத் துப்பாக்கி நிற்கவில்லை. சிரித்துக்கொண்டே என்னிடம் கேட்டார்: "அப்ப நானும் இதுல ஒரு பார்ட்டா சாப்?" ஆமாம் தம்பி, ஆனால் ஸ்டோரில் கேட்டால் கிடைக்காத பார்ட் என்றேன்.

பிரௌனிங்கின் 1911 துப்பாக்கியின் பிடியில் பின்பக்கம் ஒரு கட்டை இருக்கும். உள்ளங்கை அதை முழுதாக அமுக்கினால்தான் சுடும். சரியாகப் பிடிக்காதவனுக்கு அது வேலை செய்யாது. கையையும் கணக்கில் சேர்த்தே அதைச் செய்திருக்கிறார்கள்.

சுடும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள சவ்வு பிடியின் உச்சியில் இடுக்கில்லாமல் பொருந்த வேண்டும். கை எவ்வளவு மேலே இருக்கிறதோ அவ்வளவு துள்ளல் குறையும். பார்வை இலக்கில் இருக்கக் கூடாது, துப்பாக்கி முனையில் உள்ள குறிமுள்ளில் இருக்க வேண்டும். இலக்கு மங்கலாகத் தெரிந்தால் பரவாயில்லை, குறிமுள் தெளிவாகத் தெரிய வேண்டும். டிரிகரை வெடுக்கென்று இழுக்காமல், நேராகப் பின்னால், ஒரே சீராக அழுத்த வேண்டும். வெடித்த பிறகும் ஒரு நொடி அப்படியே நிற்க வேண்டும்.

சொல்வது சுலபம். சத்தத்துக்கு முன்னாலேயே கை பயந்து கீழே குத்தும். குண்டு இலக்குக்குக் கீழே போகும். சுட்டவர் "குறிமுள் கோணல்" என்பார். இதற்குப் பயிற்சியாளர்கள் ஒரு தந்திரம் வைத்திருக்கிறார்கள். மேகசினில் நல்ல ரவுண்டுகளுக்கு நடுவே வெடிக்காத டம்மி ரவுண்டு ஒன்றிரண்டைச் சுடுகிறவருக்குத் தெரியாமல் கலந்துவிடுவார்கள். டம்மி வரும்போது சத்தம் இல்லை, உதை இல்லை. ஆனால் முனை மட்டும் குபீரென்று கீழே இறங்குவதை எல்லாரும் பார்க்கலாம். பார்த்த பிறகு எவரும் துப்பாக்கியைக் குறை சொல்வதில்லை.

இதே நியாயம் விளையாட்டிலும் உண்டு. ஒலிம்பிக்கில் 25 மீட்டர் ராபிட் ஃபயர் பிஸ்டல் போட்டி .22 அரைத் தானியங்கித் துப்பாக்கியால் நடப்பது, அதுவும் ஒரே கையால். ஐந்து ரவுண்டை 8 விநாடியில், பிறகு 6, பிறகு 4 விநாடியில் ஐந்து இலக்குகளில் சுட வேண்டும். 2012 லண்டனில் நம் ராணுவத்து விஜய் குமார் இதில் வெள்ளி வாங்கினார். இந்தப் போட்டியில் ஜாம் ஆனால் விதி என்ன தெரியுமா? நடுவர் வந்து பார்ப்பார். இயந்திரத்தின் கோளாறு என்றால் மறுபடி சுட வாய்ப்பு உண்டு. சேஃப்டியை எடுக்க மறந்தது, ரவுண்டு போட மறந்தது போன்றது என்றால் வாய்ப்பு இல்லை. கருவியின் குறை எது, மனிதனின் குறை எது என்று பிரித்துப் பார்க்கிற விதி அது.

கருவியின் குறையே நம்மை வீழ்த்தினால் என்ன செய்வது? அதற்கும் நம் நாட்டில் உதாரணம் இருக்கிறது. டோக்கியோ ஒலிம்பிக்கில், 2021 ஜூலை 25 அன்று, 10 மீட்டர் ஏர் பிஸ்டல் தகுதிச் சுற்றின் நடுவே மனு பாக்கரின் துப்பாக்கி பழுதானது. அது காற்றழுத்தத் துப்பாக்கி, பிரௌனிங் வகை அல்ல. இருந்தாலும் கெட்ட நேரம் எல்லா வகைக்கும் ஒன்றுதான். பழுதைச் சரிசெய்யப் பல நிமிடங்கள் போயின. திரும்பி வந்து அவசரத்தில் சுட்டு முடித்தபோது 575 புள்ளி, 12ஆவது இடம். எட்டுப் பேர்தான் இறுதிச் சுற்றுக்குப் போவார்கள். பத்தொன்பது வயதுப் பெண், நாடே பேசியது. அவர் சுடுவதை விடவில்லை. 2024இல் பாரிஸில் அதே 10 மீட்டர் போட்டியில் வெண்கலம், இரண்டு நாள் கழித்து சரப்ஜோத் சிங்குடன் கலப்பு இரட்டையரில் இன்னொரு வெண்கலம். துப்பாக்கி பழுதானால் மெக்கானிக் பார்ப்பார். மனம் பழுதானால் நாமேதான் பார்க்க வேண்டும்.

தம்பிகளுக்கு, குறிப்பாக என்.சி.சி.யில் இருப்பவர்களுக்கு, முக்கியமான ஒன்று. மேகசினைக் கழற்றிவிட்டால் துப்பாக்கி காலி என்று நினைக்காதீர்கள். சேம்பரில் ஒரு ரவுண்டு உட்கார்ந்திருக்கலாம். ஹை பவரில் மேகசின் இல்லாவிட்டால் டிரிகர் வேலை செய்யாதபடி ஒரு தடை உண்டு. 1911இல் கிடையாது, மேகசின் இல்லாமலே வெடிக்கும். ஆகவே எந்தத் தடையையும் நம்பாதீர்கள். முதலில் மேகசினை எடு, பிறகு ஸ்லைடை இழு, பிறகு கண்ணால் பார், விரலால் தொட்டுப் பார். இந்த வரிசையை மாற்றி, முதலில் ஸ்லைடை இழுத்துவிட்டு மேகசினை எடுத்தால், நீங்களே ஒரு ரவுண்டை உள்ளே ஏற்றிவிட்டு "காலி" என்று சொன்னதாக ஆகும். "துடைக்கும்போது தவறுதலாக வெடித்தது" என்று செய்தித்தாளில் படிக்கிறோமே, அவற்றில் பலவற்றுக்குப் பின்னால் இந்த வரிசைதான் இருக்கும். எந்தத் துப்பாக்கியையும் ரவுண்டு உள்ளதாகவே நினை. சுடக்கூடாத பக்கம் முனையைக் காட்டாதே. குறி சேரும்வரை விரல் டிரிகருக்கு வெளியே. இலக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள். நான்கே விதி. விளையாட்டுக்குக்கூட மீறக் கூடாது.

சினிமாவில் கதாநாயகன் துப்பாக்கியைச் சாய்த்துப் பிடித்து, ஓடிக்கொண்டே, மேகசின் மாற்றாமல் முப்பது தடவை சுடுவார். கைதட்டுங்கள், அதோடு விட்டுவிடுங்கள். 1959ஆம் வருட ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம். 9 மி.மீ. போன்ற ராணுவ ரகங்கள் பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்டவை. அது சரியான சட்டம் என்று, வாழ்நாளெல்லாம் துப்பாக்கியோடு இருந்த நானே சொல்கிறேன். பெல்ட்டில் துப்பாக்கி செருகிக்கொண்டு ஒரு செல்பி எடுத்தால் வீரம் வந்துவிடாது.

ஆசை இருந்தால் வழி இருக்கிறது. கல்லூரி என்.சி.சி.யில் .22 ரைபிள் பிடிக்கலாம். அங்கீகாரம் பெற்ற ரைபிள் கிளப்பில் பயிற்சியாளர் முன்னிலையில் ஏர் பிஸ்டல் பழகலாம். தங்கைகளே, உங்களுக்கும்தான் சொல்கிறேன். இந்த விளையாட்டுக்கு உயரமோ உடல் பலமோ பெரிதாகத் தேவையில்லை. தினமும் அரை மணி நேரம், ரவுண்டே இல்லாமல், வெறுஞ்சுவரைப் பார்த்து டிரிகர் அழுத்திப் பழகுகிற பொறுமை வேண்டும். பார்க்கிறவர்களுக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். பெரிய சாம்பியன்கள் எல்லாம் அந்தப் பைத்தியத்தில் தேறியவர்கள்தான்.

நாளை நீங்கள் ஆம்பூரில் ஷூ கம்பெனியிலோ, ராணிப்பேட்டையில் ஏதாவது ஆலையிலோ, சென்னையில் கம்ப்யூட்டர் முன்னாலோ உட்காரப் போகிறீர்கள். துப்பாக்கியைத் தொடாமலே பெரும்பாலோர் வாழ்க்கை போய்விடும். போகட்டும், நல்லதுதான். ஆனால் ஏதோ ஒரு மெஷின் உங்கள் கையில் வரும். அது மக்கர் செய்யும்போது மேகசினைப் பாருங்கள், ரவுண்டைப் பாருங்கள், எண்ணெயைப் பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தால் "மெஷின் மோசம்" என்று எழுதிக் கொடுப்பதற்கு முன்னால் உங்கள் பிடியையும் ஒருமுறை பாருங்கள்.

செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். கேண்டீனில் பிரியாணி ஆறுகிறது என்று அதற்கு அர்த்தம்.